அப்பாவின் காதுக்காக ஒரு ஃபர்ம்வேர்

அப்பாவின் காது மங்கத் தொடங்கியபோது முதலில் போனது தெலுங்குதான். தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்லது ஆகாததுபோல அவர் சமாளித்தார். தமிழில் பாதி வார்த்தை காதில் விழுந்தால் மீதிப் பாதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். அம்மா சமையலறையிலிருந்து எதையாவது சொன்னால், மணி எட்டு என்றால் அது சாப்பாடாகத்தான் இருக்கும் என்று தட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். தெலுங்கில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. அது அவர் பிறந்த மொழி இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த மொழி.

அம்மா வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அப்பா காவேரிப்பட்டினத்துக்காரர், தமிழைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். கல்யாணமான புதிதில் கோபம் வந்தால் அம்மா அடுப்பைப் பார்த்துத் தெலுங்கில் பேசுவாளாம். தன்னைத் திட்டுகிறாளா அடுப்பைத் திட்டுகிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் தெலுங்கு கற்றதாக அப்பா சொல்வார். புத்தகம் வைத்துக் கற்கவில்லை. தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு டிவியில் வரும் தெலுங்குச் சிரிப்புத் தொடர்களைப் பார்த்துக் கற்றார். அம்மா சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்று கேட்பாராம். சில வருஷங்களில் கேட்பது நின்று, அவரும் கூடச் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்திருக்கிறார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்கள் சண்டை போடுவது தெலுங்கில், சமாதானம் ஆவதும் தெலுங்கில். எனக்குத் தெரியக் கூடாததைப் பேச மட்டும் கன்னடத்துக்குப் போவார்கள். எனக்கு மூன்றும் புரியும் என்பது அவர்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்பா தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். காதில் செருகிக்கொள்ள மஞ்சள் நிறத்தில் அடைப்பான் கொடுப்பார்கள். அதைச் செருகினால் மெஷின் சத்தம் மாறுவது தெரியாது, சத்தம் மாறுவது தெரியாவிட்டால் டை, தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, உடைந்துவிடும் என்று அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். டை ஒருநாளும் உடையவில்லை. வேலையை விட்டு வந்த அடுத்த வருஷம் பரிசோதனை செய்தபோது, அவருக்குப் போயிருந்தது கீச்சு ஒலிகள் என்றார்கள். பேச்சின் முழக்கம் கேட்கும். ச, த, க போன்றவற்றின் விளிம்பு கேட்காது. காது மெஷினும் ஒன்று வாங்கினோம். அதை மாட்டினால் குக்கர் விசில் மண்டைக்குள் அடிக்கிறது, அம்மா கரண்டியைக் கீழே வைப்பது சுத்தியலால் தட்டுவதுபோல இருக்கிறது என்று பத்து நாளில் கழற்றிவிட்டார். அது அலமாரியில் அதன் சின்னப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

அதனால் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஆறு வீடுகள் ஒரே காம்பவுண்டில் ஒட்டி நிற்கும் லைன் வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். அவர்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் அந்த வீட்டு ஆன்ட்டி ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து கொடுத்து, கொஞ்சம் இந்தப் பேச்சு, கொஞ்சம் அந்தப் பேச்சு என்று பேசிவிட்டு, படியிறங்கும்போது மெல்லச் சொன்னார்.

"டிவி ஸ்வல்ப கம்மி மாடி அக்கா. மகு ஓதுத்தாளே."

பிள்ளை படிக்கிறது, டிவியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அம்மா அன்றே சத்தத்தைப் பன்னிரண்டுக்கு இறக்கினாள். அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் ஏழரை மணிக்கு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார். ஷிஃப்ட் பஸ்கள் வரும் நேரம் அது. யார் எந்தக் கம்பெனிச் சட்டையில் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன் என்றார்.

அம்மா தனியாகத் தொடர் பார்த்தாள். நான் கவனித்த வரைக்கும் அவள் சிரிக்கவில்லை. அப்பாவிடம் தெலுங்கில் பேசுவதையும் விட்டுவிட்டாள். தமிழில், உரக்க, இரண்டிரண்டு வார்த்தையாகப் பேசினாள். கூப்பிடத்தான் மொழி, பேச அல்ல என்பதுபோல ஆகிவிட்டது வீடு.

இதைச் சரிசெய்வது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளுக்கு சாஃப்ட்வேர் ஏற்றும் பிரிவில் இருக்கிறேன். போர்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக்கில் வைத்து மூடியை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்கும், பிறகு பச்சை வரும், எடுத்து அடுத்ததை வைக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனையோ போர்டுகளுக்கு உயிர் கொடுக்கிற கை இது, வீட்டில் ஒரு டிவிப் பெட்டியை அடக்க முடியாதா என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது.

எங்கள் மாடியில் இருப்பது இலவச சேனல்களைப் பிடிக்கும் டிஷ். கீழே அதற்கான ரிசீவரை நான் பெங்களூரில் பழைய சாமான் விற்கும் தெருவில் தேடிப் பிடித்தேன். பார்க்கச் செவ்வகமாக, கறுப்பாக, எந்தக் கவர்ச்சியும் இல்லாத பெட்டி. ஆனால் உள்ளே அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். தயாரித்தவர்கள் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. அதற்குப் பதில் உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆர்வக்காரர்கள் சேர்ந்து அதற்கென்று வேறு ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை உள்ளிருந்து இயக்கும் சாஃப்ட்வேர், எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டணச் சேனலைத் திருடிப் பார்க்கும் சமாச்சாரம் இல்லை; பெட்டியின் புத்தியை மாற்றுவது, அவ்வளவுதான். அந்த ஃபர்ம்வேரில் ஒரு வசதி இருந்தது. டிவியில் ஓடும் சேனலை அதே நேரத்தில் வீட்டு வைஃபையிலும் அனுப்பும். போனில் அதைப் பிடித்து, படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கேட்கலாம். அந்த ஒலியில் கீச்சுப் பகுதியை மட்டும் தூக்கிக்கொள்ளலாம்.

இதைப் படித்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டிவி பன்னிரண்டில் ஓடும், அது அம்மாவுக்கு. அப்பாவின் காதில் இயர்போன், அதில் அவருக்கு வேண்டிய அளவு சத்தம். பக்கத்து வீட்டுப் பெண் நிம்மதியாகப் படிப்பாள். ஏற்கெனவே டிவியில் ஹெட்போன் செருகிப் பார்த்திருந்தேன். செருகியதும் டிவி ஊமையாகிவிட்டது, அம்மாவுக்குக் கேட்கவில்லை. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து தனியாக ஒயர் இழுத்துப் பார்த்தேன். ஒலி கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் வந்தது, ஒயர் கூடத்துக்கு நடுவே துணிக்கொடி மாதிரி தொங்கியது. ஆகவே ஃபர்ம்வேர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கறி வாங்கப் போயிருந்தாள். ஃபைலை பென் டிரைவில் போட்டு, பெட்டியின் முன்னால் செருகி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்விட்சைப் போட்டேன். டிவித் திரை கறுப்பானது. பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஏறுகிறது என்று அர்த்தம். கால் மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. அன்றைக்குக் கரண்ட் போகாது என்று விசாரித்தும் வைத்திருந்தேன்.

அப்பா கூடத்துக்குள் வந்தார். நான் டிவிக்குப் பின்னால் தலையை விட்டு ஒயர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தபடியே, ஸ்விட்சைத் தொடாதீர்கள், கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் ம் என்றார். நான் எழுந்து மாடிக்குத் துணி காயப்போடப் போனேன்.

திரும்பி வந்தபோது பெட்டியில் விளக்கு இல்லை. ஸ்விட்ச் அணைந்திருந்தது. அணைத்ததோடு விடாமல் பிளக்கையும் பிடுங்கி, ஒயரை அழகாக வளையம் வளையமாகச் சுற்றி, பெட்டியின் மேல் வைத்திருந்தார் அப்பா. பக்கத்தில் நின்று, ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு என்னைப் பார்த்தார். சிவப்பு லைட்டு அடித்தது, படம் வேறு போய்விட்டது, அதனால்தான் நிறுத்தினேன் என்றார்.

இப்போது யோசித்தால் அவர் செய்ததில் ஒரு பிசகும் இல்லை. பிரஸ் ஷாப்பில் சிவப்பு விளக்கு மினுக்கினால் மெஷினுக்குள் ஏதோ கோளாறு என்று அர்த்தம். முதலில் மெயினை நிறுத்து, அப்புறம் கேள்வி கேள். முப்பது வருஷம் அதைச் செய்து பத்து விரலோடு வீட்டுக்கு வந்தவர் அவர். என் பிரிவில் சிவப்பு விளக்கு மினுக்கினால் கை வைக்காதே என்று அர்த்தம். ஊருக்கு வெளியே ஒரே சாலையின் இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு கம்பெனிகள், அதே சிவப்பு விளக்கு. நான் அதை நினைக்கவில்லை. காது கேட்காத மனிதரிடம் டிவிக்குப் பின்னால் தலையை வைத்துக்கொண்டு பேசினோமே என்றும் நினைக்கவில்லை. பிளக்கைச் செருகினேன். பெட்டியின் முகப்பில் நான்கு கோடுகள் தோன்றி அப்படியே நின்றன. மறுபடி போட்டேன். அதே நான்கு கோடுகள். எங்கள் பிரிவில் இதை டெட் என்போம். கழித்துக்கட்டியதற்கான சிவப்புத் தொட்டியில் போடுவோம்.

நான் கத்தினேன்.

"ஒரு வார்த்தை சொன்னா கேக்கறீங்களா? உங்களுக்குத்தான் ஒண்ணுமே காதுல விழாதே!"

அந்த வாரம் முழுக்க நாங்கள் சொன்னவற்றில் அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது அது ஒன்றுதான். கத்தியதால் கேட்டது. நேருக்கு நேர் நின்று சொன்னதால் கேட்டது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். மணி காலை பத்தரை. அந்த நேரத்துக்கு எந்த ஷிஃப்ட் பஸ்ஸும் வராது.

அம்மா வந்து கறிப் பையைக் கீழே வைத்தாள். செத்த பெட்டியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவின் தட்டில் ஈரல் துண்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்டாள். வழக்கமாக அவை எனக்கு வரும்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் டிவி இல்லை. நான் காலை ஷிஃப்ட். நாலு மணிக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் இருட்டும்வரை இணைய மன்றங்களில் கிடந்தேன். எந்த நாட்டுக்காரரோ ஒருவர், இதே பெட்டியை இதேபோலக் கெடுத்துக்கொண்டவர், வழி எழுதியிருந்தார். பெட்டியின் பின்னால் ஒரு சீரியல் முனை இருக்கிறது. கம்ப்யூட்டரோடு இணைப்பதற்கான, இப்போது யாரும் பயன்படுத்தாத, ஒன்பது ஊசி உள்ள பழைய முனை. பெட்டி எழுந்திருக்க முயன்று தோற்கும் முதல் விநாடியில் அந்த வழியாக அதைப் பிடித்து நிறுத்தி, ஃபர்ம்வேரை மெல்ல மெல்ல உள்ளே ஊட்டலாம். ஆனால் பெட்டியின் நினைவகத்தில் முதல் பகுதி பிழைத்திருந்தால்தான் இது நடக்கும். இந்த முறையும் நடுவில் அறுந்தால் அந்த முதல் பகுதியும் போய்விடும். அதன் பிறகு பெட்டி குப்பைதான்.

பாலிடெக்னிக் ப்ராஜெக்டுக்கு வாங்கிய சீரியல் கேபிள் ஒன்று பரணில் கிடந்தது. அது நேர் கேபிள். இதற்குத் தேவை குறுக்குக் கேபிள். அனுப்பும் ஒயரையும் வாங்கும் ஒயரையும் இடம் மாற்றி ஈயம் வைக்க வேண்டும். ஒரு கையில் சால்டரிங் அயர்ன், ஒரு கையில் ஈயக் கம்பி. கேபிளைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பாத்திரத்துக்கு நடுவில் செருகினேன், புத்தகத்தால் அழுத்தினேன், அது வழுக்கிக்கொண்டே இருந்தது. வாசலிலிருந்து அப்பா எழுந்து வந்தார். கட்டிங் பிளேயரை எடுத்தார். கேபிளின் முனையைக் கவ்வி, மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கை இம்மிகூட ஆடவில்லை. நான் ஈயம் வைத்தேன். ஈயப் புகை எங்கள் இரண்டு முகத்துக்கும் நடுவே போனது. முடிந்ததும் பிளேயரைத் துடைத்து வைத்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு லேப்டாப் திரையில் பெட்டி பேசியது. வெள்ளை எழுத்துகள் ஒரு வரி வந்து நின்றன. முதல் பகுதி பிழைத்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விடுமுறை. இந்த வழியாக ஏற்ற ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். ஞாயிறு என்று முடிவுசெய்து, அம்மாவிடம் சொல்லும்போது அப்பாவையும் பார்த்து, முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

ஞாயிறு காலை கூடத்துக்கு வந்தால் ஸ்விட்ச் போர்டில் ஓர் அட்டை தொங்கியது.

பெயிண்ட் டப்பா மூடியை நீள்சதுரமாக வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவி, மேலே ஒரு துளை போட்டுக் கம்பி கோத்திருந்தார் அப்பா. சிவப்பு பெயிண்ட். அதன் மேல் வெள்ளையில், பார்த்துப் பார்த்து எழுதிய எழுத்தில்: வேலை நடக்கிறது, தொடாதே. அதற்குக் கீழே மூன்று கோடு: பெயர், நேரம், காரணம்.

பிரஸ் ஷாப்பில் இது ஒரு சட்டம். மெஷினுக்குள் கையை விட்டு டை மாற்றப் போகிறவன், மெயின் ஸ்விட்சில் தன் அட்டையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் கை வைக்கக் கூடாது. மாட்டியவன் சாப்பிடப் போய்விட்டால் அவனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவார்களே தவிர இன்னொருவன் கழற்ற மாட்டான். அப்பா என் கையில் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்தார்.

"அங்க ஆன் பண்ணக் கூடாதுன்னு மாட்டுவோம். இங்க ஆஃப் பண்ணக் கூடாதுன்னு மாட்டறோம். அட்டைக்கு என்ன தெரியும், நீ கையெழுத்துப் போடு."

பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன். காரணம் என்ற கோட்டுக்கு முன்னால் பேனா நின்றது. ஃபர்ம்வேர் என்று எழுதலாம். ஏழரை மணி நாடகம் என்று எழுதினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் படித்துப் பார்த்தார். வாசலிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே கொண்டுவந்து, ஸ்விட்ச் போர்டுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார்.

அந்த ஒரு மணி நேரம் அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. பெட்டியில் சிவப்பு மினுக்கும்போதெல்லாம் அவர் கை தொடையில் ஒருமுறை துடிப்பதைப் பார்த்தேன். உடனே மறு கையால் அதைப் பிடித்துக்கொள்வார். நடுவில் அம்மா இட்லி மாவு அரைக்கவென்று கிரைண்டரைப் போட வந்தாள். கிரைண்டர் ஓடினால் லைன் வீட்டில் கரண்ட் மங்கும், சில நேரம் பியூஸும் போகும். அப்பா கையை நீட்டி மறித்தார்.

"பாப்பா கையெழுத்துப் போட்டிருக்குது. அதுவே வந்து கழட்டணும்."

"நான் மாவு அரைக்கறதா வேணாமா?"

"நாளைக்கு அரைச்சுக்க."

"அப்ப நாளைக்குக் காலையில இட்லி கிடையாது, பரவால்லியா?"

"உப்புமா சாப்பிடறன்."

அப்பாவுக்கு உப்புமா பிடிக்காது. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டு உள்ளே போனாள். போகும்போது தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். அடுப்பைப் பார்த்தா, இவரைப் பார்த்தா என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் நான் அதைச் சொன்னேன். லேப்டாப்பை விட்டு எழுந்து, அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தி, நிதானமாகச் சொன்னேன். "அப்பா, அன்னிக்கு நான் கத்துனது தப்பு."

"என்னது?" என்றார்.

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மறுபடியும் "என்னது?" என்று காதைக் குவித்துக்கொண்டு குனிந்தார். பக்கத்து வீடு வரைக்கும் கேட்குமோ என்று கூச்சமாக இருந்தாலும் மூன்றாவது முறையும் சொன்னேன். அப்போதுதான் அவர் மீசைக்கு அடியில் ஓடிய சிரிப்பைப் பார்த்தேன். முதல் தடவையே கேட்டிருக்கிறது மனிதருக்கு. நான் அவர் முழங்காலில் ஒரு தட்டு தட்டினேன். அவர் என் தலையில் கையை வைத்து, அப்படியே லேப்டாப் பக்கம் திருப்பிவிட்டார். வேலையைப் பார் என்று.

எழுத்துகள் ஓடி முடிந்தன. பெட்டி ஒருமுறை அணைந்தது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிறகு நீல வெளிச்சம் வந்து, டிவித் திரையில் எனக்குப் பரிச்சயமில்லாத ஒரு புது முகப்பு விரிந்தது. நான் அட்டையைக் கழற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, முடித்த நேரத்தையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டுத்தான் கழற்றி, பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

அன்று மத்தியானம் முழுக்கச் சேனல்களைத் தேடி வரிசைப்படுத்தினேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வந்து விழுந்தன, எங்கள் காம்பவுண்டு மாதிரியே. அம்மாவின் சேனலை ஒன்றாம் எண்ணில் வைத்தேன். அப்பாவின் போனில் ஆப்பைப் போட்டு, கீச்சு ஒலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். ஒரு செய்திச் சேனலை வைத்து, எந்த இடத்தில் அவர் புருவம் தளர்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருகினேன். ஓரிடத்தில் அவர் கையைக் காட்டினார். அதோடு நிறுத்தினேன். அந்த அளவு என் காதுக்குக் கண்ணாடியைக் கீறுவதுபோல இருந்தது. அவருக்கு அது பேச்சு.

ஏழரை மணி. டிவி பன்னிரண்டில். அம்மா தரையில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். அப்பா நாற்காலியில், காதில் வெள்ளை இயர்போன். தொடரில், அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் ஒருவர் லிஃப்டுக்குள் மாமியாரோடு மாட்டிக்கொள்கிறார். மாமியார் ஏதோ சொன்னாள். அம்மா களுக்கென்று சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் டிவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அடுத்து, திரையில் வேறு காட்சி வந்த பிறகு, தனியாக, சத்தமாகச் சிரித்தார்.

எனக்கு உடனே புரிந்தது. பெட்டி ஒலியைக் கட்டி வைஃபையில் அனுப்பி, போன் அதைப் பிரித்துக் காதில் போடுவதற்குள் நேரம் போகிறது. மூன்று விநாடி. கையை மடக்கி எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் மூன்று. நான் இதை யோசிக்கவே இல்லை. முதல் பீஸைச் சோதித்துப் பார்க்காமல் லைனை ஓட்டியதுபோல ஆகிவிட்டது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, யோசிக்காமல், அவளுடைய சாதாரணக் குரலில் கேட்டாள்.

"ஏமண்டி, இப்புடு நவ்வுதாரு?"

இப்போது போய் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்கிறாள். அப்பா ஒரு பக்கத்து இயர்போனை எடுத்துவிட்டு, அவள் உதட்டையே பார்த்து, பதில் சொன்னார்.

"இப்புடு வினபடிந்தி."

இப்போதுதான் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு போனில் எதையோ தேடுவதுபோல இருந்தேன்.

மறுநாள் ஷிஃப்டில் போர்டுகளை அடுக்கிக்கொண்டே யோசித்ததில் வழி கிடைத்துவிட்டது. இந்த ஃபர்ம்வேரில் ஓடும் சேனலை நிறுத்திப் பிடிக்கும் வசதி உண்டு. பென் டிரைவ் செருகி, டிவியை மூன்று விநாடி நிறுத்திவிட்டு ஓடவிட்டால், டிவியில் படமும் ஒலியும் மூன்று விநாடி பின்தங்கி ஓடும். அப்பாவின் காதில் வருவதும் அப்போதுதான் வரும். இரண்டும் பொருந்திவிடும். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஷூவைக் கழற்றாமலேயே அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கு ஏழரைக்குள் செய்துவிடுகிறேன், இனிமேல் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் என்றேன்.

அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எதுக்கு? அப்படியே இருக்கட்டும் விடு."

தப்பாக இருக்கிறதே அம்மா, படம் முன்னால் போகிறது, அப்பாவுக்குச் சத்தம் மூன்று விநாடி கழித்து வருகிறது என்றேன். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் சிரிச்சா இவரு என்னைப் பாக்கறாரு. என்னமோ வரப்போவுதுன்னு காத்துக்கிட்டு என் மூஞ்சியவே பாக்கறாரு. அப்புறம்தான் டிவியப் பாக்கறாரு. மூணு செகண்டா? இருந்துட்டுப் போவட்டும்."

பென் டிரைவ் என் கையில் இருந்தது. நான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்து ஆணியில் சிவப்பு அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பரணில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை, என் கையெழுத்தும் காரணமும் அப்படியே இருந்தன. ஏழரைக்கு அப்பா நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சிரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.